மாமி கடலில் இறங்கிய ஆவணி

கீரிமலையை மலை என்று சொன்னால் கண்டிப் பக்கத்து மலைநாட்டார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தெல்லிப்பழையிலிருந்து வடக்கே சைக்கிள் மிதித்துப் போனவர்களுக்குத் தெரியும், நிலம் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் சுண்ணாம்புப் பாறையாகக் கடலுக்கு மேலே வந்து நிற்பது. பாய் விரித்தது போல் தட்டையான எங்கள் ஊர்ப்பக்கத்தில் மலை என்று பெயர் வைக்க அந்த ஏற்றம் போதும்.

என்னோடு படித்தவர்களே, என் வயதுக்காரர்களே, உங்களில் கீரிமலைக்குப் போகாதவர் ஒருவரும் இருக்க மாட்டார். தாய் தகப்பனின் சாம்பல் கரைக்கப் போயிருப்பீர்கள். ஆடி அமாவாசைக்கு விரதம் பிடித்துப் போயிருப்பீர்கள். கேணியில் முழுகி, ஈரத் தலையோடு கோயிலைக் கும்பிட்டு, அன்றைக்கே வீடு திரும்பியிருப்பீர்கள். நாங்கள் ஒரு பள்ளி விடுமுறை முழுவதும் அங்கே இருந்தோம். அப்போது நான் பத்து வயதுப் பெட்டை. அந்த விடுமுறை எங்கள் வீட்டில் கதைக்கக் கூடாத விஷயமாகிப் போனது. இப்போது கதைக்காதே என்று சொல்ல எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒருவரும் மிச்சமில்லை.

ஐயாவுக்கு முழங்கால் வாதம். கொழும்பில் கந்தோரில் கிளாக்கர் வேலை. படியேற முடியாமல் லீவு போட்டுக்கொண்டு வந்திருந்தார். எங்கள் ஊர்ப் பரியாரி எண்ணெய் காய்ச்சிக் கொடுத்து, "ஒரு மாதம் கீரிமலைத் தண்ணியிலை முழுகும்" என்றார். கீரி முகத்தோடு இருந்த முனிவருக்கே முகம் திருந்தின தண்ணீர், உம்முடைய முழங்கால் எம்மட்டு என்று சிரித்தார். ஆகவே கேணிக்குக் கிட்ட ஒரு வீட்டில் பாதியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஐயா, அம்மா, நான், சின்ன மாமி, நாலு பேரும் போனோம்.

சின்ன மாமி ஐயாவின் கடைசித் தங்கச்சி. தாய் தகப்பன் போன பிறகு ஐயாதான் வளர்த்தார். கலியாணம் பேசிப் பேசி வீட்டார் களைத்துப்போன வயது அவருக்கு. செவ்வாய் என்றார்கள், நிறம் குறைவு என்றார்கள். பேசி வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போய் ஒரு சொல்லும் அனுப்ப மாட்டார்கள். ஆட்கள் வந்து போன அன்றைக்கு மாமி கிணற்றடியில் பாத்திரங்களைக் கூடுதலாகத் தேய்ப்பார்.

கேணி இரண்டு. ஆண்களுடையது கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கும். பெண்களுடையதைச் சுற்றி மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் வந்து பாறையில் மோதும் சத்தம் கேட்கும், தெரியாது. இந்தப் பக்கம் தண்ணீர் நிலத்துக்குள்ளேயிருந்து ஊறி வரும். காலை வேளையில் காலை வைத்தால் கணுக்கால் எலும்பு வரை குளிரும். வாயில் எடுத்தால் நல்ல தண்ணீர்தான், கடைசியில் நாக்கின் நுனியில் ஒரு பொட்டு உப்பு.

அந்த மதிலுக்குள்ளே மாமி வேறு ஆளாக இருந்தார். மார்புக்கு மேலே குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டு படியில் நின்று மூக்கைப் பிடிப்பார். அப்படியே உள்ளே போனால் நான் பயந்து கத்தும் வரைக்கும் வர மாட்டார். எதிர்ப் படிக்கட்டில் தலை கிளம்பும். வாயால் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிச் சிரிப்பார். முதல் கிழமை கையை அடித்துக்கொண்டு தத்தளித்தார். ஆடி முடிய முன்னம் கேணியின் நீளத்துக்குப் போய்த் திரும்பி வரப் பழகிவிட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகவே வந்தது. என்னை உள்ளங்கையில் ஏந்தி மல்லாக்க மிதக்க வைப்பார். "வயித்தை விடு பிள்ளை. பயந்தால்தான் பாரம்" என்பார்.

சீயக்காய் தேய்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் முணுமுணுப்பார்கள். ஒருநாள் ஒரு மனிசி, "உதென்ன, பொம்பிளைப் பிள்ளை தவளை மாதிரி" என்று உரக்கவே சொன்னா. மாமி காது கேளாதவர் போல் மறுபடியும் முங்கிவிட்டார்.

வீட்டில் அது தெரியாது. அம்மா சமையல் முடித்து ஆறுதலாக வந்து செம்பால் வார்த்துக்கொண்டு போய்விடுவா. ஒளிக்க வேண்டும் என்று மாமி எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

பின்னேரங்களில் ஐயாவின் முழங்காலுக்கு எண்ணெய் பூசி, கடற்கரை வழியே மெல்ல நடப்போம். ஐயாவிடம் வேப்பெண்ணெயும் வெள்ளைப்பூடும் கலந்த ஒரு மணம். காங்கேசன்துறைப் பக்கமாகப் போகப் போகப் பாறை குறைந்து மணல் வரும். சாதாளை என்கிற கடற்பாசி கருப்புக் கருப்பாக ஒதுங்கிக் காய்ந்து கிடக்கும். தூரத்தில் சீமெந்துத் தொழிற்சாலையின் புகை. காற்றுத் திரும்பினால் வேலியோரத்துப் பூவரச இலையெல்லாம் நரைத்துப் போகும். நான் மணலில் சோகிச் சிப்பி பொறுக்குவேன். பனம்பழக் காலம் என்றபடியால் எங்கே போனாலும் அந்த மணம் கூடவே வரும். அம்மா பனங்காய்ப் பணியாரம் சுட்டுத் தாளில் சுற்றிக்கொண்டு வருவா. எண்ணெய் ஊறிய அந்தத் தாளைக்கூட நான் நக்கியிருக்கிறேன்.

ஆடியில் நல்ல காரியம் பேச மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் கலியாணப் புறோக்கர் வந்து நின்றார். மட்டக்களப்பில் றோட்டு வேலை பார்க்கும் ஓவசியராக இருக்கும் மாப்பிள்ளை, லீவில் வந்திருக்கிறார், செவ்வாய் அவருக்கும் உண்டு. ஐயாவின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. கோயிலில் வைத்துப் பார்ப்பதுதான் வழக்கம். புறோக்கர் அதோடு விடவில்லை.

"கும்பிட்டு முடிச்சு அப்பிடியே கடற்கரைப் பக்கம் வாருங்கோ. ரெண்டு பகுதியும் தற்செயலாச் சந்திச்ச மாதிரி இருக்கும். காத்து வாங்கிக்கொண்டு பாத்தால் எந்த மாப்பிள்ளையும் ஓமெண்டுவான்."

அம்மா தன்னுடைய இளம் ரோசா நைலெக்ஸ் சேலையை மாமிக்குக் கொடுத்தா. ஐயா கொழும்பில் வாங்கி வந்தது. மடித்தால் கைக்குட்டை அளவுக்கு வரும். ஊரில் ஒரு சிலரிடம்தான் அப்படிச் சேலை இருந்தது. "நிலத்திலை இழுபட விடாதையும் மச்சாள். உம்மடை நிறத்துக்கு இது எடுத்துக் காட்டும்" என்று சொல்லிச் சொல்லிக் கொசுவத்தைப் பிடித்துவிட்டா. மாமி கண்ணாடியில் பார்த்து, பார்க்காதது போல் திரும்பி, மறுபடியும் பார்த்தார்.

மாப்பிள்ளை பகுதியில் மாப்பிள்ளை, தாய், தமக்கை, தமக்கையின் சின்ன மகள், புறோக்கர். சின்னவளுக்கு ஐந்து வயதிருக்கும். சட்டை முழுக்கச் சுருக்கு வைத்திருந்தது. கடலைக் கண்டதும் தாயின் கையை உதறிவிட்டு ஓடி, அலை வந்ததும் கத்திக்கொண்டு திரும்பி ஓடி வருவதுதான் அவளுடைய விளையாட்டு. மணலில் பாய் விரித்தோம். பணியாரமும் சோடாவும் வைத்தோம். கொஞ்சம் தள்ளி மீன்பிடிகாரர் சிலர் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். முழுகிவிட்டு வந்த ஆட்களும் அங்கங்கே காற்று வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

மாப்பிள்ளையின் தாய் மாமியைக் கிட்ட இருத்தி, சமைக்கத் தெரியுமோ, பாடத் தெரியுமோ என்று கேட்டுக்கொண்டிருந்தா. மாமி தலையைக் குனிந்தபடி ஓம், இல்லை என்று சொன்னார். அப்போது மாப்பிள்ளை ஒரு கேள்வி கேட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"உங்களுக்குக் கடலெண்டால் பயமோ?"

"இல்லை."

அந்த ஒரு சொல்லுக்கு மாமி தலையை நிமிர்த்தினார். மாப்பிள்ளை சிரித்தார். ஐயா என் தோளில் கை வைத்து மெல்ல அழுத்தினார். அந்தக் கை சொன்ன சந்தோசம் எனக்கு விளங்கியது. மாமிக்குக் கலியாணம் நடக்கப் போகிறது என்று நான் அந்த இடத்திலேயே நினைத்துவிட்டேன்.

பெரியவர்கள் எழும்பி மணலைத் தட்டிக்கொண்டு நின்றபோதுதான் அது நடந்தது. சின்னவளின் தாய், "ஐயோ, என்ரை பிள்ளை!" என்று கத்தினா. எல்லோரும் திரும்பினோம். அலை பெரிதாக இல்லை. ஆனால் அந்த இடத்தில் மணலுக்கு அங்கால் கல்லுக்குள்ளே ஒரு பள்ளம் இருந்திருக்கிறது. சுருக்கு வைத்த சட்டை தண்ணீரில் குடை போல் ஊதி நின்றது. ஒரு கை தெரிந்தது. பிறகு சட்டையும் அமிழ்ந்தது.

மாப்பிள்ளை ஓடினார். சப்பாத்தோடு முழங்கால் அளவு தண்ணீருக்குப் போய், அங்கேயே நின்று, "ஆராவது வாருங்கோ!" என்று கையை அசைத்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. ஐயாவுக்கும் தெரியாது, முழங்காலும் வளையாது. வலை உலர்த்தியவர்கள் தூரத்திலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அதற்கிடையில் ரோசா நிறமாக ஏதோ என்னைக் கடந்து போனது. மாமி கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினார். மாப்பிள்ளையைத் தாண்டிப் போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு, கேணிப்படியில் நின்று முங்குவது போலவே முங்கினார்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அம்மா கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டு நின்றா.

மாமி பிள்ளையோடு எழும்பினார். ஒரு கையால் பிள்ளையின் தாடையைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி வந்தார். மணலில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். சின்னவள் தண்ணீராகக் கக்கி, இருமி, பிறகு பெரிதாக அழத் தொடங்கினாள். அந்த அழுகை போல ஒரு நல்ல சத்தத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள்.

சேலை இல்லை. தண்ணீருக்குள் அவிழ்ந்து போய்விட்டது. ஈரப் பாவாடையும் சட்டையும் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்க, கூந்தல் அவிழ்ந்து, மாமி மணலில் முழந்தாளிட்டு இருந்தார். சுற்றிவர ஆண்கள். ஒருவரும் அசையவில்லை, பார்வையைத் திருப்பவும் இல்லை. நானும் பார்த்தேன். என் மாமியை அப்படிப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

ஓடி வந்த மீன்பிடிகாரர்களில் ஒருவர், வயதானவர், தோளில் கிடந்த சாரத்தை எடுத்து உதறி, மாமியின் முதுகில் போர்த்திவிட்டார். "எழும்பு பிள்ளை. வெயிலிலை நில்லு, குளிரும்" என்றார். மாமி அதை இழுத்துச் சுற்றிக்கொண்டார்.

ஐயா நொண்டிக்கொண்டு வந்தார். வந்து அந்தச் சாரத்தைப் பிடித்து இழுத்தார். மாமி விடவில்லை. ஐயா பறித்து மணலில் எறிந்தார்.

"கண்டவன்ரை துணி உனக்கென்னத்துக்கு?"

தன் தோளில் போட்டிருந்த சால்வையைக் கழற்றி மாமியிடம் கொடுத்தார். அது பாதி உடம்பைத்தான் மூடியது. அந்தப் பெரியவர் குனிந்து தன் சாரத்தை எடுத்து, மணலைத் தட்டி, தோளில் போட்டுக்கொண்டு போனார். ஒரு சொல் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. பிறந்த சாதியால் அவரைவிட உயர்ந்தவர்கள் என்று நம்பியிருந்த நாங்கள், நன்றி என்று ஒரு சொல் சொல்ல அன்றைக்குத் தெரியாதவர்களாக நின்றோம்.

மாப்பிள்ளையின் தமக்கை பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டே மாமியின் கையைப் பிடிக்க வந்தா. மாப்பிள்ளையின் தாய், "முதல்லை பிள்ளையை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போவம், வா" என்று அவவை இழுத்துக்கொண்டு போனா. மாப்பிள்ளை நனைந்த காற்சட்டையோடு எங்களைத் திரும்பிப் பார்த்தபடி போனார். தூரத்தில் ரோசாச் சேலை கொஞ்ச நேரம் தெரிந்தது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று அதை வெளியே தள்ளிக்கொண்டு போனது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எங்கை நீந்தப் பழகினனீர்?" மாமி கூந்தலைப் பிழிந்துகொண்டு நின்றார். அம்மா என்னைப் பார்த்தா. நான் கேணி என்றேன். அதன் பிறகு மாமி கேணிக்குப் போகவில்லை. முற்றத்துக் கிணற்றில் வாளியால் அள்ளிக் குளித்தார்.

புறோக்கர் சில நாள் கழித்து வந்து, வாசலிலேயே நின்று சொன்னார்.

"பிள்ளையைக் காப்பாத்தினது பெரிய காரியம் எண்டுதான் அவையும் சொல்லீனம். ஆனால் தாய் விரும்பேல்லை. அத்தினை ஆம்பிளையளுக்கு முன்னாலை… பெட்டைக்குத் துணிவும் கொஞ்சம் கூடவாம்."

"மாப்பிள்ளை என்ன சொல்லுறார்?" என்று அம்மா கேட்டா.

"அவர் தாயின்ரை சொல்லைத் தட்டார்."

ஐயா ஒரு சொல் மறுத்துக் கதைக்கவில்லை. அவையின்ரை பிள்ளையைத்தானே காப்பாத்தினவள் என்று கேட்கவில்லை. பிழை செய்தவர் போல் தலையாட்டி, புறோக்கரைத் தெரு வரைக்கும் கொண்டுபோய் விட்டார். வாடகை எடுத்த காலம் முடிய முன்னமே நாங்கள் சாமான் கட்டினோம். ஐயாவின் முழங்கால் சுகமாகவும் இல்லை.

கதை எங்களுக்கு முன்னமே ஊருக்குப் போய்விட்டது. போகும் வழியில் கதையிலிருந்து பிள்ளை கழன்று விழுந்துவிட்டது. கடலும், அவிழ்ந்த சேலையும், ஆண்களும்தான் மிச்சம். உங்களில் சிலர் பள்ளிக்கூடத்தில் என்னிடமே கேட்டீர்கள், "உன்ரை மாமியோ அது?" என்று. சின்னப் பிள்ளைகள், வீட்டில் கேட்டதைக் கேட்டீர்கள், உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் வாங்குப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

மாமிக்கு அதன் பிறகு சம்பந்தம் ஒன்றும் சரிவரவில்லை. எங்களோடேயே இருந்தார். என் பிள்ளைகளையும் வளர்த்தார். ஐயா படுக்கையில் விழுந்தபோது அவரைத் தூக்கி நிமிர்த்தி, துடைத்து, கஞ்சி பருக்கியதும் மாமிதான். அவர்கள் இருவரும் அந்த நாளைப் பற்றிக் கதைத்து நான் கேட்டதில்லை. மாமி எங்கேயாவது ஆட்கள் கூடும் இடத்துக்கு வந்தால் தலையைக் குனிந்துகொண்டே இருப்பார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தோம். வெட்கப்பட வேண்டியதுதானே என்று நினைத்தவர்களும் வீட்டில் இருந்தார்கள்.

பிறகு சண்டை வந்தது. அந்தக் கரை முழுவதையும் ஆமிக்காரர் மூடினார்கள். காங்கேசன்துறையும் மயிலிட்டியும் கீரிமலையும் எங்களுக்குப் பெயராக மட்டும் இருந்த காலம் நீண்டு போனது. திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பிறகும் நான் உடனே போகவில்லை. மாமிதான் ஒருநாள், "என்னை ஒருக்காக் கேணிக்குக் கூட்டிக்கொண்டு போ பிள்ளை" என்றார். எண்பதைத் தாண்டியிருந்தார். கூன் விழுந்திருந்தது. ஓட்டோ பிடித்துப் போனோம். வழியெல்லாம் கூரையில்லாத வீடுகளுக்குள் மரங்கள் வளர்ந்து நின்றன. நாங்கள் இருந்த வீட்டின் இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கேணியைப் புதுக்கியிருந்தார்கள். மாமி படியில் குந்திக்கொண்டு இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். பல வருசமாக மனதுக்குள் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன்.

"ஐயா அண்டைக்கு உங்களுக்குச் செய்தது பிழை மாமி. நாங்கள் எல்லாரும் செய்தது பிழை. நீங்கள் வெக்கப்பட ஒண்டுமே இல்லை."

மாமி காலை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"இருக்கு" என்றார்.

"என்ன?"

"தாய் கத்தினாப் பிறகு பாஞ்சனான் எண்டுதானே நீங்கள் நினைக்கிறியள். அதுக்கு முதலே நான் கண்டிட்டன். அவள் கையைத் தூக்கினவள். கண்டும் உடனை போகேல்லை. மாப்பிள்ளையைப் பாத்தன். சேலையைப் பாத்தன். பிறகு அண்ணையைப் பாத்தன், போகட்டோ எண்டு கேக்கிற மாதிரி. அவரும் பிள்ளையைக் கண்டிட்டார். கண்டிட்டு நிலத்தைப் பாத்தார். நான் நிண்டன். தாய் கத்தின பிறகுதான் எனக்குக் கால் வந்தது."

கடல் மதிலுக்கு அப்பால் மோதிக்கொண்டிருந்தது. என் தோளை அழுத்திய ஐயாவின் அந்தக் கையை நினைத்தேன். என் ஐயாதான். அவர் செத்து எவ்வளவோ காலம். ஆனாலும் முகம் சுட்டது.

"உடுப்புக் கழண்டதுக்கு ஆரும் வெக்கப்படுவினமோ?" என்றார் மாமி. "ஒரு பிள்ளை தாழுறதைப் பாத்துக்கொண்டு, சம்பந்தத்தை யோசிச்சு நிண்டிட்டனே. அந்தக் கொஞ்ச நேரத்திலை அவள் போயிருந்தால்?"

"போகேல்லைத்தானே மாமி."

"ஓம். போகேல்லை."

மாமி என் பக்கம் திரும்பினார்.

"அவள் இப்ப எங்கை இருக்கிறாளோ? அவளுக்கும் வயசு போயிருக்கும், என்ன? உனக்கு ஏதும் தெரியுமோ?"

எனக்கு அந்தப் பிள்ளையின் பெயர்கூடத் தெரியாது. எங்கள் வீட்டில் சேலையைப் பற்றிக் கதைத்தார்கள். குழம்பின சம்பந்தத்தைப் பற்றி, ஊர் வாயைப் பற்றி, மாமியின் துணிவைப் பற்றிக் கதைத்தார்கள். அந்தப் பிள்ளைக்குச் சுகமோ, இரவில் பயந்து அழுகிறாளோ, வளர்ந்தாளோ என்று ஒருவரும் ஒருநாளும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

"தெரியாது மாமி" என்றேன்.